சோங்கு

செபமாலைமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியும். ஆனால் துவக்கு இங்கிலீஷ், அதாவது துப்பாக்கி இங்கிலீஷ், மட்டும்தான் தெரியும். டாக்டரிடம் போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பக்கத்தில் நின்று நான்தான் "நெஞ்செரிவாம், சாப்பிட்டால் கூடுதாம்" என்று சொல்ல வேண்டும். பஸ் டிரைவர் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பான். ஆனால் நூறு வருடத்துப் பழைய துவக்கு ஒன்றை அவனுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். "கொக்கிங் பீஸ் ரவுண்ட். இது முந்தினது. ஃப்ளாட் எண்டால் பிந்தினது. ரியர் சைட் வேற துவக்கில இருந்து கழட்டிப் பூட்டினது" என்று பூசையில் மன்றாட்டு வாசிக்கிறவன் மாதிரித் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு போவான். இந்தக் கண்டறியாத படிப்பு அவனுக்கு ஏன் வந்தது, வந்து அவனை என்ன பாடு படுத்தியது என்றுதான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மேரிறோஸ். நானும் என் மனிசன் றூபனும் லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டு மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஒரு சின்ன அறை உண்டு. கோயிலில் ஃபாதர் கேட்டார் என்று செபமாலைமுத்துவைக் கொஞ்ச நாளைக்கு அந்த அறையில் வைத்தோம். அந்தக் கொஞ்ச நாள் பதினைந்து வருடமாகிவிட்டது. ஆள் பேசாலைக்காரன். கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. மனைவி திரேஸையும் மூன்று வயது மகள் அஜித்தாவையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தவன்.

இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டால் இரண்டு பேரையும் கூப்பிடலாம். ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்கு முன்னால் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு சட்டத்துக்கு அவள் பிள்ளை இல்லை, தனி ஆள். வந்த புதிதில் இதை நான் விளங்கப்படுத்தியபோது, "மூண்டு வயசுதானே அக்கா, கன காலம் கிடக்கு" என்றான். நானும் ஓம் என்றேன். அப்போது எங்களுக்கு இந்த நாட்டுக் காலம் எப்படி ஓடும் என்று என்ன தெரியும்.

ஊரில் நடந்தது இதுதான். சண்டையின் கடைசிக் காலம். இவன் வள்ளத்தில் இயக்கத்துக்கு ஆள் ஏற்றினான் என்று யாரோ ஆமிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவன் ஏற்றினது மீன்தான். சோதனைச் சாவடி ஒன்றில் பிடித்து முழங்காலில் இருத்தி வைத்திருந்தபோது, காவலுக்கு நின்ற ஒருவன் பின்னால் வந்து முதுகில் துவக்குச் சோங்கால் இடித்தான். ஒரே இடி. இடப்பக்கத் தோள்பட்டைக்குக் கீழே பிய்ந்துபோய், காய்ந்த பிறகு கருப்பாக ஒரு பிறை, பிறைக்கு மேலே ஒரு குத்து என்று தழும்பு நின்றுவிட்டது. அந்த ஆளிடம் இருந்தது புதுத் துவக்கு இல்லை, பழைய த்ரீ நோட் த்ரீ. விழும்போது திரும்பிப் பார்த்தவன் இவன். பத்து நாளைக்குப் பிறகு விட்டார்கள், திரும்பவும் தேடி வந்தார்கள், இவன் ஓடிவிட்டான்.

சோங்கு என்றால் எங்களுக்கு விளங்கும். துவக்கின் பின்பக்கம், தோளில் வைக்கிற அடிக்கட்டை. எங்கள் ஆட்களில் இந்தச் சொல்லை உடம்பால் படித்தவர்கள் கனபேர். ஆனால் விசாரணையில் மொழிபெயர்க்க வந்தது தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று. அதன் ஊரில் அந்தச் சொல் இல்லை. அதற்கு நான் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம், அதற்குத்தான் குறை சொல்லுவேன். கேட்காமல், துவக்கால் அடித்தால் குழலால்தான் அடித்திருப்பான் என்று நினைத்து 'பெரல்' என்று சொல்லிவிட்டது. கடைசியில் இங்கிலீஷில் வாசித்தும் காட்டினார்கள். இந்த மகராசன் எல்லாம் விளங்கின மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அகதிக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். குழலால் அடித்தால் பிறை மாதிரித் தழும்பு வராதாம். தவிர, அந்தக் காலத்தில் அந்தப் பழைய துவக்கு அங்கே ஒருவரிடமும் இருக்கவில்லையாம். ஒருவரிடமும் இல்லாத துவக்குத்தான் இவன் முதுகில் கிடக்கிறது. மேல்முறையீடும் தோற்றது. திருப்பி அனுப்பவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. வேலை செய்ய விடவும் இல்லை. குறித்த நாளில் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவான், கோயிலில் கதிரை அடுக்குவான், ஞாயிற்றுக்கிழமை போனில் மகளோடு கதைப்பான்.

அந்தப் பிழையை ஐந்தாறு வருடம் கழித்துக் கண்டுபிடித்தது பிரீத்தா. இங்கே பிறந்த பிள்ளை, புதிதாக வக்கீலாக வந்து இவன் வழக்கை எடுத்தது. பழைய பதிவை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தன் உடைந்த தமிழில், "அங்கிள், உங்களைத் துவக்குக் குழலால அடிச்சது எண்டு இருக்கு" என்றது.

"குழலோ? நான் சோங்கு எண்டெல்லோ சொன்னனான், பிள்ளை."

பிரீத்தா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் என் தோளைத் தொட்டு, துவக்குப் பிடிக்கிற மாதிரிக் காட்டினேன். விளங்கியதும் பிள்ளையின் முகம் செத்துப்போய்விட்டது. ஆனால் இப்போது மாற்றிச் சொன்னால், முன்னுக்குப் பின் முரண் என்று அதையும் சேர்த்து அடிப்பார்களாம். வெறும் வாயால் சொல்லி வேலையில்லை, தழும்பு எதால் வந்தது என்று காட்டுகிற ஆதாரம் வேண்டுமாம். "எந்தச் சாமான் அடிச்சது எண்டு நாங்கள் காட்டினால், அங்கிள், திரும்பப் போடலாம்" என்றது. அது சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். இவன் அதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த கோடையில் றூபன் இவனைப் பழைய சாமான் சந்தை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கிழவர் பழைய பட்டாளத்துச் சாமான்களை விரித்து வைத்திருந்தார்: தொப்பி, தண்ணீர்ப் போத்தல், இடுப்புவார். ஒரு பெட்டி நிறையப் பித்தளைத் தகடுகள். சோங்கின் அடியில் பூட்டுகிற தகடு. அதைக் கண்டதும் இந்த மனிதன் என்ன செய்தான் தெரியுமா? கிழவருக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தச் சந்தை நடுவில் சேர்ட்டைத் தூக்கிவிட்டான். ஒரு கையால் தகட்டைக் காட்டுகிறான், மற்றக் கையால் முதுகைக் காட்டுகிறான், வாயில் ஒரு சொல் இல்லை. றூபன், மானம் போகுது என்று சேர்ட்டைக் கீழே இழுத்தாராம். கிழவர் போலீசைக் கூப்பிடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகைக் கிட்டப் பார்த்தார். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, இரண்டு தகடுகளை எடுத்துக் கொடுத்தார்.

அவர் பெயர் பொப். ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கொட்டிலில், உரிய லைசென்சோடு, பழைய துவக்குகளும் அவற்றின் உறுப்புகளும் வைத்திருந்தார். செபமாலைமுத்து அங்கே போய் ஒரு ஸ்டூலில் இருக்கப் பழகினான். தகட்டைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்தானே என்று நான் கேட்டேன். போதாதாம். ஒரே துவக்குத்தானாம், ஆனால் ஒரே துவக்கு இல்லையாம். இங்கிலாந்தில் செய்தது ஒரு விதம், இந்தியாவில் செய்தது ஒரு விதம், அவுஸ்திரேலியாவில் ஒரு விதம். சண்டை அவசரத்தில் செய்ததில் சில உறுப்புகளே இல்லை. தகட்டில் பித்தளை உண்டு, இரும்பு உண்டு. மேலே ஏறுகிற நாக்கு ஒன்றில் நீளம், ஒன்றில் கட்டை. ஒன்றின் உறுப்பை மற்றதுக்கு மாற்றிப் பூட்டியும் இருப்பார்கள். எந்தத் தகடு எந்தத் துவக்குக்குச் சொந்தம் என்று தெரிய வேண்டுமென்றால் முழுத் துவக்கையும் படிக்க வேண்டும். படித்தான். மற்றவர்கள் இந்த நாட்டில் வீடு வாங்கினார்கள், கடை போட்டார்கள். இவன் துவக்கு படித்தான்.

தகடுகளை பொப் இரவலாகக் கொடுத்துவிடுவார். ஆனால் தன் முதுகைத் தானே பார்க்க யாரால் ஏலும்? ஞாயிறு பூசை முடிந்து வந்து, நான் குசினியில் புட்டு அவிக்கிற நேரம், இவன் சேர்ட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் திரும்பி இருப்பான். றூபன் தகட்டை அரிசிமாவில் தோய்த்து, தழும்பின் மேல் வைத்து அமத்துவார். மா வெள்ளையாகப் பதியும். வெள்ளைக் கோடு கருப்புப் பிறையோடு சேர்கிறதா என்று பார்ப்பார். சேராது. துடைத்துவிட்டு அடுத்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "புட்டு மாவில கைவைச்சால் இரண்டு பேருக்கும் சாப்பாடில்லை" என்று கத்தியிருக்கிறேன். அடுத்த கிழமை அவர்களுக்கென்று தனிக் கிண்ணத்தில் மா எடுத்து வைத்ததும் நான்தான்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து போன் வரும். அஜித்தா வளர்ந்துகொண்டிருந்தது எங்களுக்குக் குரலில்தான் தெரிந்தது. முதலில் "அப்பா, எப்ப கூப்பிடுவீங்கள்?" என்று கேட்ட பிள்ளை, பிறகு அதைக் கேட்பதை விட்டுவிட்டது. ஒருநாள் சொன்னது: "அப்பாக்கு லண்டனில வேற குடும்பம் இருக்காம் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லுறாளவை." இவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "என்ர முதுகில மாப் பூசிக்கொண்டு நிக்கிறார் றூபன் அண்ணை. அவர்தான் என்ர குடும்பம்" என்றான். பிள்ளைக்கு அது எப்படி விளங்கும்.

போன வருடம் தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், அது பொருந்தியது. பித்தளை, கட்டை நாக்கு, உட்பக்கத்தில் இந்தியத் தொழிற்சாலை ஒன்றின் முத்திரை. ஸ்குரூவின் தலை ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. றூபன் அமத்தி எடுத்துவிட்டுக் குனிந்து திரும்பவும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் அதுவரை ஒருநாளும் கிட்டப் போகாதவள், போய்ப் பார்த்தேன். கருப்புப் பிறையின் விளிம்பில் வெள்ளைப் பிறை அப்படியே இருந்தது. மேலே இருந்த குத்தில் மா அப்பியிருந்தது.

"சரியா இருக்கு, முத்து" என்றார் றூபன்.

அவன் திரும்பினான். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. தன்னை அடித்த சாமானைக் கண்டு சந்தோசப்பட்ட மனிதனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடித்ததும் இந்தியாச் சோங்கு, அதை மாற்றிச் சொன்னதும் இந்தியாத் தமிழ் என்று நான் ஒரு பகிடி விட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். அஜித்தாவுக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது.

பிரீத்தா ஓடி ஓடி வேலை செய்தது. டாக்டர் ஒருவர் தகட்டையும் தழும்பையும் அளந்து எழுதிக் கொடுத்தார். புதுக் கோரிக்கையையும் மறுத்தார்கள், ஆனால் இந்தத் தடவை நீதிபதிக்கு முன்னால் போக வழி கிடைத்தது. போவதற்கு முன்னால் பிரீத்தா கையைப் பிடித்துக் கெஞ்சாத குறையாகச் சொன்னது: "அங்கிள், ப்ளீஸ். தமிழில மட்டும் கதையுங்கோ. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். தகடு பற்றி பொப் சொல்லுவார், டாக்டர் சொல்லுவார். நீங்கள் அடி வாங்கின ஆள், அவ்வளவுதான்."

"ஓம் பிள்ளை" என்றான். அவன் ஓம் சொல்லாதது எதற்கு.

நானும் றூபனும் பின்வரிசையில் இருந்தோம். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுப் பெரியவர், நல்ல மனிதன். அரசாங்கத்து வக்கீல் சின்னப் பெடியன், மெல்லிய குரல். என்ன நடந்தது என்று கேட்டான். செபமாலைமுத்து சொன்னான். "பிறத்தால வந்து துவக்குச் சோங்கால இடிச்சவன்."

மொழிபெயர்ப்பாளர் நிறுத்தினார். "சோங்குன்னா எதைச் சொல்றீங்க? துப்பாக்கியோட முனையா?"

அந்த மனிதன் செய்தது சரி. தெரியாததைக் கேட்டார். ஆனால் முனை என்ற சொல் காதில் விழுந்ததும் இவனுக்குப் பதினைந்து வருடமும் ஒன்றாக வந்து முன்னால் நின்றிருக்க வேண்டும். மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டான். "நோ பெரல்! நோ பெரல், சேர். பட் பிளேட். பிராஸ். ஷோர்ட் டாங். மார்க் த்ரீ ஸ்டார்."

பிரீத்தா கண்ணை மூடிக்கொண்டது. நீதிபதி இருக்கச் சொன்னார். வக்கீல் பெடியன் மட்டும் அவசரப்படவில்லை. கடுதாசியைத் தள்ளி வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, அந்தத் துவக்கு மார்க் த்ரீ ஸ்டார் என்ற வகைதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். மகசின் கட்ஓஃப் இல்லை என்றான் இவன். அது என்ன என்றான் பெடியன். இவன் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். ரியர் சைட் எத்தனை விதம் என்றான். சொன்னான். போல்ட்டைப் பற்றிக் கேட்டான். அதையும் சொன்னான். நான் பின்னாலிருந்து, வாயை மூடு, வாயை மூடு என்று செபம் சொல்லுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் முகத்தில் எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம் தெரியுமா? இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் ஒரு அதிகாரி முதல்தடவையாக அவன் இங்கிலீஷை விளங்கிக்கொண்டு, தலையாட்டி, மேலே சொல் என்கிறான். விசரன், சொல்லிக்கொண்டே போனான்.

பெடியன் நன்றி சொல்லிவிட்டு இருந்துவிட்டான். நீதிபதிதான் குனிந்து கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நீங்க முதன்முதல்ல துப்பாக்கியைக் கையில எடுத்தது எப்போ, எங்கே?"

செபமாலைமுத்து யோசிக்கவேயில்லை. "இஞ்சதான், ஐயா. லண்டனில."

அது சத்தியமான உண்மை. மொழிபெயர்ப்பாளரும் அதைப் பிசகில்லாமல் சொன்னார். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் பிரீத்தா வீட்டுக்கு வந்து எங்கள் குசினி மேசையில் இருந்து சொன்னது. தழும்பு அந்தத் தகட்டால் வந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்களாம். ஆனால் கடல் தொழிலாளி ஒருவருக்கு ஆயுதங்களைப் பற்றி இவ்வளவு தெரிய வாய்ப்பில்லையாம். பொப்பின் கொட்டிலில் படித்தான் என்பது, முதலே தெரிந்ததை மறைக்கச் சொல்லுகிற கதையாம். ஆயுதப் பயிற்சி எடுத்ததை மறைக்கிறார், ஆகவே மற்றதிலும் அவரை நம்ப முடியாது என்பதுதான் முடிவு. மேலே போகலாம் என்றது பிரீத்தா. எவ்வளவு காலம் எடுக்கும் என்று நான் கேட்டேன். ஒரு வருடமாவது எடுக்கும் என்று கடுதாசிகளை அடுக்கிக்கொண்டே சொன்னது. அஜித்தாவின் பிறந்தநாளுக்கு மூன்று கிழமை இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மேசையில் கிடந்த தகட்டைத் தூக்கிக் குப்பைவாளிக்குள் எறிந்தேன். இவன் போய் எடுத்துக் கழுவித் துடைத்தான். "பொப்பின்ர சாமான் அக்கா, திருப்பிக் குடுக்கவேணும்" என்றான்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் கேக் ஒன்று செய்து, அவள் பார்க்கட்டும் என்று போனுக்கு முன்னால் வைத்தேன். அங்கே அவள் புதுச் சட்டையோடு தனிய இருந்தாள். திரேஸ் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டாளாம். வாழ்த்துச் சொல்லிக் கேக்கை வெட்டினோம். பிறகு அவள்தான் கேட்டாள்.

"அப்பா, கோர்ட்டில நடந்ததை அம்மா சொன்னவ. உங்களுக்குத் துவக்கு முழுக்க அத்துப்படியாம்."

"அது பிள்ளை, நான் இஞ்ச வந்துதான்..."

"நில்லுங்கோ அப்பா. நான் சொல்லி முடிக்கிறன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் இயக்கத்தில இருந்தனீங்களோ? அதுதான் எங்களை விட்டிட்டுப் போகவேண்டி வந்ததோ? ஓமெண்டால் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்கு அது பெருமைதான் அப்பா. இவ்வளவு நாளும் நான் உங்களைப் பிழையா நினைச்சுப்போட்டன்."

நான் கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். றூபனும் பார்த்தார். பதினைந்து வருடம் எத்தனை மேசைக்கு முன்னால் இல்லை, இல்லை, நான் கடலுக்குப் போனவன் என்று சொன்ன வாய் அது. அதற்காகத்தானே முதுகில் மாப் பூசினான். அவன் போனைக் கிட்டக் கொண்டுபோய் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"ஓம் பிள்ளை" என்றான்.

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "உமக்கென்ன விசரே? செய்யாததை ஏன் ஓமெண்டனீர்? போனில கதைக்கிற கதையே இது?"

அவன் கேக் துண்டைக் கையில் எடுத்தான், தின்னாமல் வைத்திருந்தான்.

"பதினைஞ்சு வருசமா உண்மையைச் சொன்னன் அக்கா. ஒருத்தரும் நம்பேல்ல. இவள் ஒரு சொல்லில நம்பிப்போட்டாள்."